காந்த ஜெனரேற்றர், தண்ணி மோட்டச்சைக்கிள், எரிக்காம ஓடுற ரொக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களை ஒண்டா வச்சு வாசிச்சா கனபேர் ஒரே விசயத்தைத்தான் சுத்திச் சுத்திக் கேட்டிருக்கிறியள். எரிபொருள் இல்லாம கரண்ட் தாற மெசின், தண்ணியில ஓடுற வாகனம், பின்னால ஒண்டும் கக்காம முன்னால போற விண்வெளி எஞ்சின், இதுகள் உண்மையோ எண்டு. 2022 இல கியூஆர் கோட்டையும் போனையும் கையில பிடிச்சுக்கொண்டு பெற்றோல் செட்டில காத்துக்கிடந்த சனம் நாங்கள், இந்தக் கேள்வியை விசர்க்கதை எண்டு தள்ளிவிட எனக்கு மனம் வரேல்ல. அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு விட்டுட்டு இதுக்கு மட்டும் வடிவா எழுதுறன்.

கேள்வி: எங்கட ரவுணில ஒருத்தர் எரிபொருள் இல்லாத ஜெனரேற்றர் செய்து தாறன் எண்டு சொல்லுறார். ஒரு மோட்டர், பெரிய இரும்புச் சில்லு, பெல்ற், ஒரு அல்ரனேற்றர். பற்றரியில ஒருக்கா ஸ்ராட் பண்ணிவிட்டா பிறகு தன்ரபாட்டில ஓடுமாம். நானே போய்ப் பாத்தன், பல்ப் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. ஒண்டரை லட்சம் அட்வான்ஸ் கேக்கிறார். தோட்டத்துக்கு இறைக்க வாங்கலாமோ?
— தோட்டம் செய்யிறவர், விசுவமடு

பதில்: வாங்காதேங்கோ அண்ணை. முதல்ல இதைச் சொல்லிப்போட்டுக் காரணத்துக்கு வாறன், ஏனெண்டா நான் விளங்கப்படுத்தி முடிக்கிறதுக்கிடையில உங்கட காசு போயிடக் கூடாது.

நீங்கள் கண்டது பொய் எண்டு நான் சொல்ல வரேல்ல. பல்ப் உண்மையாத்தான் எரிஞ்சிருக்கும். அந்தச் சில்லு ஒரு 50 கிலோ, ஆரை 30 சென்ரிமீற்றர், நிமிசத்துக்கு 1500 சுத்து எண்டு வைப்பம். அந்த வேகத்தில சுத்தேக்க அதுக்குள்ள கிட்டத்தட்ட 28,000 யூல் சக்தி (ஒரு வாட்ஸ் ஒரு செக்கன் ஓடினா ஒரு யூல்) சேந்து நிக்கும், பற்றரி ஸ்ராட் பண்ணேக்க குடுத்த சக்திதான் அது, வேற எங்கயும் இருந்து வந்ததில்லை. இப்ப 9 வாட்ஸ் எல்ஈடி பல்ப் ஒண்டை அதில கொழுவினா, உராய்வு பெல்ற் காத்து எல்லாத்தையும் மறந்துபோட்டுக் கணக்குப் பாத்தா 50 நிமிசம் எரியக் காணும். உராய்வைச் சேத்தாக்கூட பாக்க வந்த ஆள் அதிசயப்பட்டு, நாலு கேள்வி கேட்டு, ஒரு தேத்தண்ணியும் குடிக்கிற அளவுக்கு எரியும். ஆனா நீங்கள் பல்ப் எரிக்கவோ வாங்கப் போறியள், கிணத்து மோட்டர் ஓட்ட. ஒரு குதிரைவலு மோட்டருக்கு 746 வாட்ஸ் வேணும். அதே 28,000 யூலில அது ஓடுறது 37 செக்கன். வாய்க்காலால தண்ணி முதல் பாத்திக்கே போய்ச் சேராது.

பற்றரியும் கழட்டாம அப்பிடியே இணைச்சபடி இருந்ததெண்டா கதை இன்னும் லேசு. நிறையச் சார்ஜ் உள்ள 12 வோல்ட் 100 அம்பியர்-மணி பற்றரி ஒண்டு தனியவே அந்த 9 வாட்ஸ் பல்ப்பை அஞ்சு நாள் எரிக்கும். சில்லு சும்மா அழகுக்குச் சுத்துது.

அவர் மீற்றரைக் காட்டி உள்ளுக்கு 500 வாட்ஸ் போகுது வெளியில 2000 வருது எண்டு சொல்லவும் கூடும், கனபேர் உண்மையா அப்பிடி நம்பித்தான் சொல்லினம். இதில கவனிக்க வேண்டியது, ஒண்டும் கொழுவாம வோல்ற்றளவை அளந்து, பிறகு ரெண்டு வயரையும் ஷோட் பண்ணி அம்பியரை அளந்து, ரெண்டையும் பெருக்கிப்போட்டு இதுதான் வலு எண்டு காட்டுறவை. அது வலு இல்லை. அந்த வோல்ற்றளவு வாற நேரம் அந்தக் கரண்ட் ஓடேல்ல, அந்தக் கரண்ட் ஓடுற நேரம் வோல்ற்றளவு விழுந்துபோம். அதோட கரண்ட் அலை ஒழுங்கில்லாத கோலத்தில வரேக்க மலிவான மல்ரிமீற்றர் பிழையாக் காட்டும், ஏசி எண்டா வோல்ற்றளவும் கரண்டும் ஒரே நேரத்தில ஏறி இறங்காததால பெருக்கி வாறது உண்மை வலுவிலும் கூட வரும். மீற்றரைக் காட்டினா நாங்கள் கண்ணை மூடி நம்பிறம், அதான் பிரச்சினை.

அதால மீற்றரை விடுங்கோ. உங்கட தண்ணி மோட்டரை லாண்ட்மாஸ்ரரில ஏத்திக்கொண்டு போய் அந்த மெசினில கொழுவி, ஸ்ராட் பண்ணினாப்பிறகு பற்றரியைக் கழட்டி வெளியில வச்சிட்டு, மெசினை நடு முத்தத்தில நாலு பக்கமும் தெரிய வச்சு, காலமை துவங்கி பொழுதுபடுமட்டும் இறைக்கச் சொல்லுங்கோ. உண்மையா அப்பிடி ஒண்டு செய்தவருக்கு இது பெரிய வேலையே இல்லை. இண்டைக்கு பெயரிங் சரியில்லை, மழைக்காலம், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு காட்டினா களவெடுத்துப்போடுவாங்கள் எண்டு மறுமொழி வந்தா வீட்ட வாங்கோ.

இது இண்டைக்கு நேற்றுத் துவங்கின சங்கதி இல்லை. முடிவில்லாம ஓடுற சில்லுக்கு விண்ணப்பங்கள் வந்து குவிஞ்சு, இனி இதுகளைப் பாக்க மாட்டம் எண்டு பாரிஸ் விஞ்ஞானக் கழகம் முடிவெடுத்தது 1775 இல. அமெரிக்காவில பிலடெல்பியாவில ஜோன் கீலி எண்டவர் 1870களில இருந்து தண்ணியில இருந்து புதுச் சக்தி எடுக்கிறன் எண்டு பெரிய பெரிய பணக்காரரிட்டக் காசு வாங்கி கம்பனி நடத்தினவர், சாகுமட்டும் ஒரு எஞ்சினும் விக்கேல்ல. 1898 இல அவர் செத்தாப்பிறகு வீட்டைச் சோதிச்சவை நிலத்துக்குக் கீழ பெரிய இரும்புக் கோளம் ஒண்டையும் சுவருக்குள்ளால ஓடின குழாயளையும் கண்டவை. அமத்தி அடைச்ச காத்து. முதலீடு செய்த ஆக்களுக்கு வந்தது அதுதான்.

கேள்வி: மோட்டச்சைக்கிளுக்குப் பூட்டுற தண்ணிக் கிட் ஒண்டு இப்ப விக்கினம். போத்தலுக்குள்ள தண்ணியும் ஒரு வெள்ளைத் தூளும் போட்டு பற்றரிக் கரண்டைக் குடுக்க வாற வாயுவை எயார் கிளீனருக்கால எஞ்சினுக்குள்ள விடுறது. எங்கட கராச்சில சிலருக்குப் பூட்டிக் குடுத்தனாங்கள், லீற்றருக்குக் கூட ஓடுது எண்டு அவையே வந்து சொல்லினம். நீங்கள் என்ன சொல்லுறியள் சேர்?
— கராச் நடத்துறவர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, இது உங்கட தொழில், அதால கணக்கோடயே கதைப்பம்.

தண்ணியைக் கரண்டால பிரிக்கிறது வன்னிக்குப் புதுசில்லை. பரந்தன் கெமிக்கல்ஸில ஆனையிறவு உப்பைக் கரைச்சு அதுக்குள்ளால கரண்ட் விட்டுத்தான் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தவை, அதோட சேந்து ஐதரசனும் வரும். அங்க வேலை செய்த ஆக்கள் இப்பவும் ஊரில இருக்கினம், அந்த வேலை எவ்வளவு கரண்ட் தின்னுறது எண்டு கேட்டுப்பாருங்கோ.

தண்ணி எண்டது ஏற்கனவே எரிஞ்சு முடிஞ்ச ஐதரசன். ஒரு லீற்றர் தண்ணியை ஐதரசனும் ஒட்சிசனுமாப் பிரிக்கக் குறைஞ்சது ஒரு கோடியே 60 லட்சம் யூல் குடுக்க வேணும், பிறகு அந்த ஐதரசனை எரிச்சா திரும்ப வாறதும் அதே ஒரு கோடியே 60 லட்சம்தான், ஒரு சதம் கூட வராது. உங்கட கிட் 12 வோல்ட்டில 10 அம்பியர் இழுக்குது எண்டு வைப்பம், 120 வாட்ஸ். ஒரு மணித்தியாலத்தில 4 லட்சத்து 32 ஆயிரம் யூல். போத்தல் சூடாகிறது போக அதில ஒரு 65 வீதம் ஐதரசனுக்குள்ள போகும். பெற்றோல் கணக்கில சொன்னா அது 10 மில்லிலீற்றருக்கும் குறைவு. சரி, அந்த 120 வாட்ஸ் எங்க இருந்து வந்தது? பற்றரியைத் திரும்பச் சார்ஜ் பண்ணுறது எஞ்சின்தானே. எஞ்சின் பெற்றோல் சக்தியில கால்பங்கை வேலையா மாத்தும், சார்ஜ் பண்ணுற கொயிலும் ரெக்ரிபயரும் அதில பாதியைக் கரண்டாக்கும். எட்டுக்கு ஒண்டு. அப்ப ஒரு மணித்தியாலம் கிட்டை ஓட்ட நீங்கள் எரிக்கிறது ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் பெற்றோல், திரும்பக் கிடைக்கிறது பத்துக்குள்ள.

அப்ப கூட ஓடுது எண்டு சொல்லுறவை பொய் சொல்லுகினமோ? இல்லை. கிட் பூட்ட வந்த மோட்டச்சைக்கிளை நீங்கள் சும்மா அனுப்பியிருக்க மாட்டியள், பிளக்கைத் துடைச்சு, காபிரேற்றரை ரியூன் பண்ணி, எயார் கிளீனரை ஊதி, ரயருக்குக் காத்தும் அடிச்சுத்தான் குடுத்திருப்பியள். நல்ல மெக்கானிக் எல்லாரும் அதைத்தான் செய்வினம். அதோட காசு குடுத்துப் பூட்டின ஆள் மீற்றரைப் பாத்துப் பாத்து மெதுவா ஓடுவார். அவர் கண்ட லாபம் உண்மை, அது உங்கட கையால வந்தது, போத்தலால வரேல்ல.

நம்பாட்டி இப்பிடிச் செய்து பாருங்கோ. கிட்டுக்கு ஒரு சுவிச் வையுங்கோ, ஓடுறவருக்குத் தெரியாத இடத்தில. ராங்கைப் பூட்டிட்டு அளவுகோடு போட்ட போத்தில் ஒண்டில இருந்து காபிரேற்றருக்குப் பெற்றோல் விடுங்கோ. அதே ஆள், அதே பாரம், புதுக்குடியிருப்பில இருந்து ஒட்டுசுட்டான் போய்த் திரும்புறது. ஒரு நாள் சுவிச் போட்டு, ஒரு நாள் போடாம, எந்த நாள் எது எண்டு உங்களுக்கு மட்டும் தெரிய வேணும். கொப்பியில எழுதுங்கோ. பத்துப் பன்ரெண்டு தரம் ஓடினாப்பிறகு கொப்பி என்ன சொல்லுதோ அதை வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கோ.

இதில நான் பயப்பிடுற விசயம் வேற. அந்தப் போத்தலுக்குள்ள ஐதரசனும் ஒட்சிசனும் சரியா வெடிக்கிற அளவில கலந்து நிக்குது. எஞ்சின் பக்ஃபயர் அடிச்சு நெருப்பு குழாயால பின்னுக்கு வந்தா போத்தில் சிதறும், அது இருக்கிறது ஓடுறவரின்ர காலுக்குக் கிட்ட. வெள்ளைத் தூள் கோஸ்டிக் சோடா, இல்லாட்டி அதைப்போல இன்னொரு காரம். கண்ணில பட்டா நிறையப் பச்சைத்தண்ணி விட்டு விடாமக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும். பூட்டிக் குடுத்த கிட்டுகளைக் கூப்பிட்டுக் கழட்டிவிடுங்கோ எண்டு உங்களைக் கெஞ்சிக் கேக்கிறன்.

ஸ்ரான்லி மையர் எண்ட அமெரிக்கரின்ர பேரையும் எழுதியிருந்தியள், தண்ணிக் கார் செய்ததால நஞ்சு வச்சுக் கொண்டுட்டாங்கள் எண்டு. 1996 இல ஒஹையோ நீதிமன்றத்தில முதலீட்டாளர் ரெண்டு பேர் வழக்குப் போட்டு, நிபுணர்கள் அந்தக் கருவியைச் சோதிச்சு இது சாதாரண மின்பகுப்பு, அதாவது கரண்டால தண்ணியைப் பிரிக்கிறதுதான் எண்டு சொல்லி, மோசடி எண்டு தீர்ப்பாகி 25,000 டொலர் திருப்பிக் குடுக்கச் சொன்னது. அவர் செத்தது 1998 இல, மூளை இரத்தக்குழாய் வெடிச்சு எண்டுதான் மரண விசாரணை சொன்னது. எங்கட நாட்டிலயும் 2008 இல ஒருத்தர் 3 லீற்றர் தண்ணியில 300 கிலோமீற்றர் ஓடினன் எண்டு சொல்லி, பிரதமரே ஆதரவு தாறம் எண்டு சொல்லி, சில மாசத்தில முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில பிடிபட்டதா செய்தி வந்தது. அந்த நேரம் இஞ்ச நாங்கள் இருந்த இருப்பில அது ஆரின்ர காதிலயும் விழேல்ல.

கேள்வி: கிணத்து மோட்டர் இறைக்கிற தண்ணி வெளியில வந்து விழுற இடத்தில ஒரு சின்ன ரேர்பைன் வச்சு, அதில வாற கரண்டால அதே மோட்டரை ஓட்டினா என்ன?
— மல்லாவி

பதில்: சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். 1000 லீற்றர் தண்ணியை 10 மீற்றர் தூக்கினா அதில ஏறுற சக்தி ஒரு லட்சம் யூலுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு 9 வாட்ஸ் பல்ப்பை மூண்டு மணித்தியாலம் எரிக்கிற அளவு, அவ்வளவுதான். தண்ணி பாரம் எண்டதால பெரிசா இருக்கும் எண்டு தோணும். பம்ப் வாங்கிற கரண்டில அரைவாசியைத்தான் தண்ணியில ஏத்தும், ரேர்பைனும் ஜெனரேற்றரும் அதில இன்னும் கழிக்கும், நூறு ரூபா குடுத்து முப்பது ரூபா கையில வாற கணக்கு. அந்தக் காசுக்கு ரெண்டு சோலர் பனல் போடுங்கோ, வன்னி வெயில் வீணாத்தானே போகுது.

கேள்வி: எம்டிரைவ் எண்ட எஞ்சின் எரிபொருள் வெளிய தள்ளாமலே விசை தருது, நாசாவே அளந்து பாத்திட்டுது எண்டு வாசிச்சன். அப்ப நாங்கள் ஏ.எல் பௌதிகவியலில படிக்கிற உந்தக் காப்பு விதி பிழையா? ரீச்சரிட்டக் கேட்டன், சோதினைக்கு வராது எண்டு சொல்லிட்டா.
— மாணவி, கிளிநொச்சி

பதில்: பிள்ளை, சோதினைக்கு வராட்டிலும் பறவாயில்லை, இதைப்போலப் பாடம் ஒண்டு கிடையாது, ஆறுதலா இருந்து வாசியுங்கோ.

ரோஜர் ஷோயர் எண்ட பிரித்தானிய எஞ்சினியர் 2001 அளவில துவங்கினது. செம்பால செய்த கூம்பு, ஒரு பக்கம் அகலம் மற்றப் பக்கம் ஒடுக்கம், ரெண்டு பக்கமும் மூடி. உள்ளுக்கு மைக்ரோவேவை விட்டா அகலமான பக்கத்தில கூடவும் ஒடுங்கின பக்கத்தில குறையவும் தள்ளுமாம், அந்த வித்தியாசத்தில பெட்டி நகருமாம். வெளியில இருந்து ஒண்டும் தள்ளாட்டி மொத்த உந்தம் மாறாது எண்டு நீங்கள் படிச்ச விதியின்படி நகராது. பஸ்ஸுக்குள்ள இருந்துகொண்டு முன் கண்ணாடியை எவ்வளவு தள்ளினாலும் பஸ் அசையாதுதானே, சாய்ஞ்ச சுவரிலயும் அலை தள்ளும், அதையும் சேத்துக் கூட்டினா எல்லாம் சமனாகிடும்.

ஆனாலும் நாசாவின்ர ஹூஸ்ரன் ஆய்வுகூடத்தில ஹரோல்ட் வைற்றும் அவரோட நிண்டவையும் அதை எடுத்து வெற்றிடப் பெட்டிக்குள்ள வச்சு அளந்து, 2016 கடைசியில கட்டுரை போட்டவை. கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூற்றன் எண்டு. இந்த இடத்தில நிண்டு யோசியுங்கோ. அவை உண்மையில குடுத்தது ஒரு கிலோவாட் இல்லை, 40 தொடக்கம் 80 வாட்ஸ். அப்ப அளந்த விசை ஒரு அரிசிமணியின்ர பாதிப் பாரம்கூட வராது. அதை அளக்க ஒரு தராசு, அந்தத் தராசில தொங்குற செம்புப் பெட்டி சூடாகுது, அதுக்குக் கரண்ட் கொண்டுபோற வயர் இருக்கு, வயரைச் சுத்திக் காந்தப்புலம், பூமிக்கும் காந்தப்புலம். பாதி அரிசிமணி எங்க இருந்தும் வரலாம்.

ஜேர்மனியில டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில மார்ட்டின் தஜ்மாரின்ர குழு செய்த வேலைதான் எனக்கு இதில ஆகப் பிடிச்சது. அவை விதியைப் பற்றி ஒரு வாதமும் வைக்கேல்ல. 2018 இல பெட்டிக்குள்ள மைக்ரோவேவ் கிட்டத்தட்டப் போகாமத் தடுத்துப்போட்டு மற்ற எல்லாத்தையும் முன்னைப்போல ஓட விட்டுப் பாத்தவை. விசை அப்பிடியே வந்தது. உள்ளுக்கு ஒண்டும் இல்லாமலே விசை வருது எண்டா அது பெட்டியின்ர விசை இல்லை, வயரில ஓடுற கரண்டும் பூமியின்ர காந்தப்புலமும் ஒண்டையொண்டு தள்ளுறது. பிறகு 2021 இல நாசா செய்த அமைப்பை அப்பிடியே திருப்பிக் கட்டி, அதே விசை தங்களுக்கும் வருது எண்டு காட்டி, அது பெட்டி சூடாகி தாங்குற சட்டம் வளையிறதால வாறது எண்டு கண்டுபிடிச்சு, பெட்டியைத் தொங்கவிடுற முறையை மாத்தின உடன விசை இல்லாமப் போச்சு. ஆத்தில போட்டாலும் அளந்து போடு எண்டு எங்கட ஆக்கள் சொன்னதை இவ்வளவு தூரத்துக்குக் கொண்டுபோனவை எனக்குத் தெரிஞ்சு குறைவு.

உங்களுக்கு ஒரு கணக்கும் தாறன். கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூற்றன் எண்டு எந்த வேகத்திலயும் மாறாம விசை வந்தா, வலு சமன் விசை தர வேகம் எண்டதைப் போட்டு, எந்த வேகத்துக்கு மேல உள்ளுக்குக் குடுக்கிற 1000 வாட்ஸை விட வெளியில வாறது கூடுது எண்டு பாருங்கோ. செக்கனுக்கு 833 கிலோமீற்றர் அளவில வரும். அதுக்கு மேல அது எஞ்சின் மட்டும் இல்லை, விசுவமடு அண்ணை கேட்ட அதே ஜெனரேற்றர். உந்தக் காப்பு விதியை உடைச்சா, சக்தி ஒண்டுமில்லாமல் வராது எண்ட விதியும் சேந்து உடையுது.

எரிபொருள் இல்லாம விண்வெளியில போறது ஏலாது எண்டு மட்டும் நினைச்சுப்போடாதேங்கோ. ஜப்பான்காரர் 2010 இல அனுப்பின இக்காரோஸ் எண்ட விண்கலம் மெல்லிய பாய் விரிச்சு சூரிய வெளிச்சம் தள்ளத் தள்ளப் போனது, வெளிச்சத்துக்கு உந்தம் இருக்கு, அது வெளியில இருந்து வந்து அடிக்குது, விதிக்குள்ளதான். நாசாவின்ர டோன் எண்ட விண்கலம் செனன் வாயுவைக் கரண்டால வேகமாக்கிப் பின்னால விட்டு வருசக்கணக்கில ஓடினது. இந்த வேலையளுக்கு ஆள் தேவை பிள்ளை, உங்களைப்போல கேள்வி கேக்கிற ஆள்.

கேள்வி: நீங்கள் விஞ்ஞானியளின்ர பக்கம் நிண்டு எழுதுறியள். ரொக்கெட்டையும் இதே ஆக்கள்தான் சிரிச்சவை. எண்ணெய்க் கொம்பனியள் எத்தினை கண்டுபிடிப்பை அமத்தியிருப்பாங்கள் எண்டு ஒருக்காலாவது எழுதுவியளோ?
— வவுனியா

பதில்: எழுதுறன்.

ரொக்கெட்டைச் சிரிச்சது உண்மை. 1920 இல நியூயோர்க் ரைம்ஸ் ஆசிரியர் தலையங்கத்தில, வெற்றிடத்தில தள்ளுறதுக்கு ஒண்டுமில்லை, ரொக்கெட் ஆராய்ச்சி செய்த ரொபேர்ட் கொடார்ட்டுக்கு இது தெரியாதோ எண்டு எழுதினது. 1969 இல சந்திரனுக்கு ஆள் போய்க்கொண்டிருக்கேக்க அதே பேப்பர் திருத்தம் போட்டது. ஆனா சிரிச்சது பேப்பர். நியூற்றன்ர மூண்டாம் விதி கொடார்ட்டின்ர பக்கம் நிண்டது, அவர் அதுக்கு முதலே காத்தை எடுத்த குழாய்க்குள்ள ரொக்கெட்டைச் சுட்டு விசையை அளந்தும் வச்சிருந்தவர். கொடார்ட்டை நம்பச் சொல்லி ஒருத்தரும் கேக்கத் தேவையில்லை, அளந்த கொப்பி இருந்தது.

விஞ்ஞானியள் இப்பிடியானதைத் திரும்பியும் பாக்கிறதில்லை எண்டுறதும் சரியில்லை. 1989 இல யூட்டா பல்கலைக்கழகத்தில பொன்ஸும் பிளெய்ஷ்மனும் மேசையில வச்ச கண்ணாடிப் போத்தலுக்குள்ளயே சூரியனுக்குள்ள நடக்கிற மாதிரி அணுச்சேர்க்கை நடக்குது எண்டு அறிவிக்க, உலகம் முழுக்க ஆய்வுகூடங்கள் போட்டிபோட்டுச் செய்து பாத்தவை, அநேகமா ஒருத்தருக்கும் வரேல்ல. 2015 இல கூகிள் திரும்பக் காசு போட்டு கனடா அமெரிக்கா ஆய்வாளரைச் சேத்து புதுசாப் பாக்க வச்சது, 2019 இல ஒண்டும் காணேல்ல எண்டு வெளியிட்டவை. 2011 இல இத்தாலியில ஒபேரா எண்ட குழு நியூத்திரினோ எண்ட நுண்துகள் வெளிச்சத்தை விட 60 நனோசெக்கன் முந்தி வருது எண்டு அளந்து, ஒளிக்காம உலகத்துக்கே சொல்லிப் பிழை பிடியுங்கோ எண்டவை, பிறகு பாத்தா முக்கியமா ஒரு ஒளியிழைக் கேபிள் வடிவாப் பூட்டுப்படாததால வந்த பிழை. வெளிச்சத்தை ஒண்டும் முந்தாது எண்ட ஐன்ஸ்ரைனையே கேள்வி கேட்டதுக்கு அவையை ஆரும் கொல்லேல்ல.

எண்ணெய்க் கொம்பனியள் நல்லவை எண்டு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன். ஆனா அண்ணை, வன்னியில இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு மறுமொழி தேட அமெரிக்காவுக்குப் போகத் தேவையில்லை. 1990 இல பொருளாதாரத் தடை வந்தாப்பிறகு இஞ்ச எந்தக் கொம்பனி இருந்தது? கரண்ட் இல்லை, பெற்றோலைச் சின்னப் போத்திலில மருந்துபோல வாங்கினம். ஒரு கண்டுபிடிப்பை அமத்துறதுக்கு ஆளும் இல்லை, தேவை எண்டா உயிர்த் தேவை, கை எண்டா உலகத்தில எங்கயும் காணாத கை. அந்தக் கை என்ன செய்தது? கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி மோட்டச்சைக்கிள் ஓட்டினது. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வச்சு, கொஞ்ச எண்ணெயை ஊறவிட்டு, சின்னத் திரியில ராராவா எரியிற விளக்குச் செய்தது, அந்த வெளிச்சத்தில படிச்சு கம்பஸ் போன பிள்ளையள் எத்தினை. ரேடியோவில செய்தி கேக்க சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைக் கையால சுத்தினது. டைனமோவைச் சில்லோட அமத்தின உடன பெடல் பாரமாகும், சுத்துற கை உளையும், விட்டா செய்தி நிக்கும், பக்கத்தில நிக்கிற ஆள் மாறிச் சுத்துவார். ரேடியோ குடிக்கிற கரண்ட் ஒவ்வொரு சொட்டும் ஆரோ ஒருத்தரின்ர தோளில இருந்து போனது எண்டு அந்தக் காலம் சுத்தின எல்லாருக்கும் தெரியும். காந்தத்தை வட்டமா அடுக்கினா சும்மா ஓடும் எண்டா, அது முதல்ல ஓடியிருக்க வேண்டிய இடம் எங்கட மண். ஸ்பீக்கர்க் காந்தம் எல்லா வீட்டிலயும் கிடந்தது.

மின்சாரக் கண்டுபிடிப்பாளர் ரெஸ்லாவையும் அமத்தினாங்கள் எண்டு எழுதியிருக்கிறியள். அவர் அமெரிக்காவில வோர்டன்கிளிப் எண்ட இடத்தில கட்டத் துவங்கின கோபுரம் வயர் இல்லாமச் செய்தியும் கரண்டும் அனுப்பத்தான், கரண்டை ஒரு ஜெனரேற்றர் செய்யத்தான் வேணும். காசு போட்ட வங்கிக்காரர் ஜே.பி. மோர்கன் மேலதிகமாக் காசு குடுக்கேல்ல, கோபுரம் நிண்டுபோச்சு, அது கவலையான கதைதான். சும்மா வாற சக்தி அதில இருக்கேல்ல.

கேள்வி: பேற்றன்ற் குடுத்திருக்கினம் எண்டா வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம்?
— மாங்குளம்

பதில்: இல்லை. பேற்றன்ற் எண்டது இது புதுசு, இது இவரின்ர எண்டு சொல்லுற தாள், ஓட்டிப் பாத்துத் தாற சான்றிதழ் இல்லை. ஜோசப் நியூமன் எண்டவர் தன்ர சக்தி மெசினுக்குப் பேற்றன்ற் தரேல்ல எண்டு அமெரிக்காவில வழக்குப் போட, 1986 இல அந்த நாட்டு அளவீட்டு நிறுவனம் மெசினை வாங்கி அளந்தது. எல்லா அளவிலயும் வெளியில வந்தது உள்ளுக்குப் போனதை விடக் குறைவு. இஞ்ச ஒருத்தர் பேற்றன்ற் தாளை லமினேற் பண்ணிக் கொண்டுவந்து காட்டினா, தாளை மடிச்சு வச்சிட்டு மெசினை ஓட்டிக் காட்டுங்கோ எண்டு கேளுங்கோ.

கேள்வி: என்ர மகன் ஏ.எல் படிக்கிறான். யூரியூப்பில பாத்துக் காந்த மோட்டர் செய்யிறன் எண்டு பழைய ஸ்பீக்கர், ஃபான் எல்லாத்தையும் கழட்டிப் போட்டிருக்கிறான். தகப்பன் இல்லாத பிள்ளை, ஏசவும் மனம் வரேல்ல, படிப்பும் கெட்டுப்போகுமோ எண்டு பயமாக் கிடக்கு. என்ன செய்ய?
— ஒரு தாய், முழங்காவில்

பதில்: ஏசாதேங்கோ தங்கச்சி. நான் இவ்வளவு நேரமும் எழுதினது காசு வாங்கிறவைக்கு எதிராத்தான், கையால செய்து பாக்கிற பிள்ளைக்கு எதிரா ஒரு சொல்லும் எழுதேல்ல. காந்த மோட்டர் ஓடாது. ஆனா அது ஏன் ஓடேல்ல எண்டு தேடித் தேடிப் பாக்கிற பெடியன் ஒருத்தன், காந்தம் ஒண்டு கிட்ட வரேக்க தாறதை விலகிப் போகேக்கத் திருப்பி எடுத்துப்போடும் எண்டு தன்ர விரலால உணர்ந்தான் எண்டா, அது ரியூசனில அஞ்சு மாசம் இருந்து படிக்கிறதுக்குச் சமன்.

ரெண்டு விசயம் சொல்லுங்கோ. ஒண்டு, கொப்பி ஒண்டு வச்சு என்ன செய்தன், என்ன அளந்தன், எத்தினை செக்கன் சுத்தி நிண்டது எண்டு திகதி போட்டு எழுதட்டும், தோத்ததையும். மற்றது நேரம், படிப்பு முடிஞ்சாப்பிறகு எண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் உங்களுக்குக் கிட்ட அறிவியல்நகரிலதான் இருக்கு, அதுக்குள்ள போய்ப் படிக்கிறதுக்கு என்ன ரிசல்ட் வேணும் எண்டு அவனையே தேடிப் பாக்கச் சொல்லுங்கோ. ஓடுற சாமான் ஒண்டு செய்ய ஆசை எண்டா பழைய ஃபான் மோட்டரில காந்தம் வச்சு சின்னக் காத்தாடி செய்யலாம், முழங்காவில் பக்கம் கடல்காத்து நல்லாத்தானே அடிக்குது, ஒரு எல்ஈடி எரிஞ்சாக்கூட அவனுக்கு இரவு நித்திரை வராது.

ஒரு கவனம். பழைய கொம்பியூற்றர் ஹார்ட் டிஸ்கில இருந்து கழட்டுற அந்த வெள்ளிக் கலர்க் காந்தங்கள் சின்னதெண்டாலும் சரியான பலம், ரெண்டுக்கும் நடுவில விரல் அகப்பட்டா தோல் கிழியும். வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தா கண்ட இடத்தில விட வேண்டாம். ஒண்டுக்கு மேல விழுங்கினா குடலுக்குள்ள ஒண்டையொண்டு இழுத்து ஒட்டிக் குடலை ஓட்டையாக்கும், வயித்துக்குத்து வருமட்டும் பாத்துக்கொண்டிராம உடன கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, காந்தம் விழுங்கினது எண்டு வாசலிலயே சொல்லுங்கோ.